கடைசிப்பெட்டி வந்தாச்சா

செய்தித்தாள் அலுவலகத்தின் விளம்பர கவுன்டரில் அவளுக்கு இரங்கல் பிரிவு. கண்ணைத் துடைத்துக்கொண்டு யாராவது வந்து நிற்பார்கள். உட்காரச் சொல்வாள், தண்ணீர் கொடுப்பாள், பிறகு, "அவரைப் பத்தி நாலு வரி சொல்லுங்க" என்பாள். எல்லோருக்கும் ஒரே நாலு வரிதான் வரும். அன்பான கணவர், பாசமான தந்தை, இன்ன வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், எல்லோரிடமும் இனிமையாகப் பழகியவர். பக்கம் மூடுவதற்குள் அதை அச்சுக்கு அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவாள். வரிசை எப்போதும் நீளமாகவே இருக்கும்.

மாமனார் இறந்தபோது அந்த நாலு வரியை அவளே எழுத வேண்டியிருந்தது. "நீதானே இதுல கைதேர்ந்தவ" என்று சொல்லிவிட்டுக் கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கணவர், தந்தை, ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் என்பதுவரை பேனா தடையில்லாமல் ஓடியது. 'எல்லோரிடமும் இனிமையாக' என்று எழுதப்போன இடத்தில் நின்றது.

இனிமையாகவா? அந்த வீட்டுக்கு வந்த புதிதில் யாராவது கேட்டிருந்தால், இந்த மனுஷன் ஒரு ஒற்றன் என்று அவள் அடித்துச் சொல்லியிருப்பாள்.

அது காதல் கல்யாணம். இரண்டு பக்கமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சம்மதித்தார்கள். அதற்கு முன்னால் அவளுடைய அண்ணன், தன் நண்பர்களை மாற்றி மாற்றி அவள் பின்னால் அனுப்பிக்கொண்டிருந்தான். பஸ்ஸில் ஒருத்தன், நூலகத்தில் ஒருத்தன், செருப்புக் கடையில்கூட ஒருத்தன். முதுகில் யாருடைய பார்வையோ ஊர்ந்துகொண்டே இருக்கும். அந்த நாட்களில் அவளுக்கு முதுகிலும் கண் முளைத்துவிட்டது. அதனால் கல்யாணத்துக்கு முன் அவள் போட்டது ஒரே ஒரு நிபந்தனை.

"உங்க வீட்ல என்னை என்ன வேணா சொல்லட்டும், மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும். பின்னாடி ஆள் விட்டாங்கன்னு தெரிஞ்சா அன்னிக்கே கெளம்பிடுவேன். நீங்களும் வந்தா ரெண்டு பேரா. வரலன்னா ஒத்தையா."

"எங்க வீட்ல ஆள் விடற அளவுக்கு ஆளே கெடையாது" என்று சிரித்தான் அவன்.

ஆள் இருந்தார். மீசை அரும்பும் வயதில் ரயில் பாதைக்குக் கல் கொட்டும் கூட்டத்தில் சேர்ந்து, தண்டவாளத்தைத் திருப்பிவிடும் பாயிண்ட்ஸ்மேனாகி, கடைசியில் சரக்கு யார்டின் ஓரமாக மரப்படி வைத்த சிக்னல் கேபினில் ஏறியவர். ஓய்வுபெறும்வரை அங்கிருந்து இறங்கவில்லை. கைகாட்டியை இயக்கும் இடுப்புயர இரும்பு லீவர்களை இழுத்து இழுத்தே வலது தோள் பருத்துப் போயிருந்தது. தையல்காரர் அவர் சட்டைக்கு ஒரு பக்கம் மட்டும் துணி கூட்டி வெட்டுவார். இரவு வேலை முடித்து வந்த கையோடு இரண்டு பெண்களுக்கும் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் படுப்பாராம். பெண்கள் இருவரும் கல்யாணமாகிப் போயாயிற்று. இப்போது வீட்டில் அவர், மாமியார், மகன், புதிதாக இவள்.

கல்யாணத்துக்கு வந்திருந்த அவருடைய பழைய கூட்டாளிகள் மேடைக்குக் கீழே நின்று, "என்னய்யா கடைசிப்பெட்டி, கடைசிப்பெட்டி வந்தாச்சா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பட்டப்பெயரின் அர்த்தம் அவளுக்குப் புரியவில்லை. வாசலை ஏன் பார்க்கிறார் என்பதும் புரியவில்லை.

முதலில் கண்ணை உறுத்தியது ஒரு துணி. மடித்த பழைய துணித்துண்டு எப்போதும் அவர் இடதுதோளில் கிடக்கும். வாசல் இரும்புக் கதவைத் திறப்பதானாலும் பிரிட்ஜைத் திறப்பதானாலும் அந்தத் துணியைக் கைப்பிடியில் சுற்றித்தான் பிடிப்பார். திறந்து முடித்ததும் கைப்பிடியை ஒரு முறை துடைப்பார். இவள் பிரிட்ஜைத் திறந்து மூடிய மறு நிமிஷமே வந்து துடைத்ததை இரண்டு தடவை பார்த்துவிட்டாள். அவளுக்குச் சுருக்கென்றது. நான் தொட்டதைத் தொடக் கூசுகிறாரா?

"சின்ன வயசுலேர்ந்தே அப்பா அப்படித்தான்" என்றான் கணவன்.

"எப்படித்தான்?"

"துணியோட."

அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பாவை இருபத்துநாலு மணி நேரமும் பார்த்து வளர்ந்தவனுக்கு அப்பாவைப் பற்றி ஒரு கேள்வியும் எழுந்ததில்லை.

அடுத்தது தட்டு. மாலையில் வேலை முடிந்து வந்து அறைக்குள் புடவை மாற்றிக்கொண்டிருப்பாள். வாசல் கதவின் இரும்பில் விரல்முட்டியால் யாரோ தட்டுவது கேட்கும். இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, பிறகு ஒரு தட்டு. உடனே சமையலறையில் மாமியார் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து வைக்கும் சத்தம். முதல் வாரம் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு கவனித்துப் பார்த்தாள். விடுமுறை நாளில், அவள் வீட்டிலேயே இருக்கும்போது, அந்தத் தட்டு இல்லை. மகன் கடைத்தெருவுக்குப் போய் இவளுக்குப் பின்னால் தாமதமாக வந்தால், அவன் வந்த பிறகுதான் தட்டு. பெரும்பாலும் கடைசியாக வருவது இவள்தான். ஆக, இவள் உள்ளே வந்த சேதியை வாசலிலிருந்து அடுப்படிக்கு அவர் அனுப்புகிறார்.

அவளுக்கு மூக்கு வியர்த்தது.

தெருவில் நடப்பது இன்னொரு விவகாரம். குடும்பமாக எங்கே போனாலும் மாமனார் கடைசியில்தான் வருவார். பக்கத்தில் வரச் சொன்னாலும் வரமாட்டார். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ரோட்ல நான் இவரு மூஞ்சியப் பார்த்ததில்ல" என்பாள் மாமியார். "கழுத்து சுளுக்கிக்கிட்டாதான் எனக்குப் புருஷன் தெரிவாரு." எல்லோரும் சிரிப்பார்கள். இவள் மட்டும் சிரிக்கமாட்டாள். பின்னாலிருந்து பார்க்கிறவனுக்குத்தானே எல்லோரும் தெரிவார்கள்.

பிறகுதான் பஸ் நிறுத்தம்.

மாலை பஸ்ஸிலிருந்து இறங்கினால் சைக்கிள் கடை, அதை ஒட்டி டீக்கடை, அங்கிருந்து இரண்டு தெரு நடந்தால் வீடு. ஒருநாள் இறங்கி நடக்கும்போது முதுகில் அந்தப் பழைய ஊர்தல். சட்டென்று திரும்பினாள். சைக்கிள் கடையின் தொங்கும் டயர்களுக்கு நடுவே ஒரு பருத்த வலது தோள். அவள் பார்ப்பது தெரிந்ததும் அவர் டயரின் விலையை விசாரிக்க ஆரம்பித்தார். அவர் வாழ்நாளில் சைக்கிள் ஓட்டியதில்லை.

மறுநாளும் நின்றார். அதற்கடுத்த நாள் டீக்கடை பெஞ்சில். அவள் முன்னால் நடக்க, ஒரு வீட்டுத் தூரம் விட்டுப் பின்னால் வந்தார். அவள் நின்றால் அவரும் நின்றார். கடைக்குள் நுழைந்தால் வெளியே காத்திருந்தார். வீட்டுக் கதவுக்குள் அவள் கால் வைத்ததும் இரும்பில் அந்தத் தட்டு.

அன்றைக்குக் கணவனை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"உங்க அப்பா என்னை வேவு பாக்குறாரு."

"காத்து வாங்கப் போயிருப்பாரு."

"டயர் கடையிலயா காத்து?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் தப்பாகப் போயிற்று. "சிரிங்க. நல்லா சிரிங்க. யார் அனுப்பறாங்கன்னும் எனக்குத் தெரியும். சமையலறையில இருந்துகிட்டே ஊரையே பாக்குறவங்க உங்கம்மா. கையும் களவுமா பிடிக்கிறேன் பாருங்க. பிடிச்சேன்னா, சொன்னது சொன்னதுதான்."

வெறும் வாய்ச்சவடால் இல்லை. அவள் கவுன்டருக்குப் பக்கத்து கவுன்டர் வாடகை வீட்டு விளம்பரம். மாடிப் போர்ஷன் ஒன்றைப் பார்த்துவைக்கும்படி அங்கிருந்த தோழியிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். தோழியும் ஒன்றைப் பார்த்துவிட்டாள். வார முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பொறி எளிமையானது. வழக்கமான நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கினாள். சரக்கு யார்டின் சுவரோரமாக ஒரு சந்து போகும், முட்செடியும் உடைந்த செங்கல்லுமாக. அதில் நடந்து வீட்டின் பின்வாசலுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பூனை மாதிரி அறைக்குள் நுழைந்து, பையைக் கட்டிலில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

தட்டு வரவில்லை. அடுப்படியில் சாப்பாட்டுத் தட்டுகளும் அசையவில்லை. அகப்பட்டாயா, என்று மனசுக்குள் கைதட்டிக்கொண்டாள். நான் பஸ்ஸில் வந்தால் சேதி வருகிறது, பின்வழியாக வந்தால் வரவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கணவன் வந்தான். கட்டிலில் அவளைப் பார்த்துத் திடுக்கிட்டான். "எப்ப வந்த? அம்மா உன்னைக் காணோம்ங்கிறாங்க."

"உஷ்."

தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்தன. மாமனார் வரவில்லை. சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. "ஏண்டா, அவளும் வரல, அவரும் வரல. சோறு ஆறிப்போகுது. போய் என்னன்னு பாரு."

கணவன் போனான். தனியாகத் திரும்பி வந்தான், முகம் சுண்டிப்போய்.

"வரமாட்டேங்கிறாரு."

"நான் வந்துட்டேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். நம்பமாட்டேங்கிறாரு."

இது அவள் கணக்கிலேயே இல்லாத விஷயம். வேவுகாரனுக்குத் தகவல் கிடைத்தால் போதாதா? வேறு ஏதோ திட்டம் இருக்கிறது. என்னவென்று காதால் கேட்டுவிடலாம் என்று புறப்பட்டாள். மாமியார் சாமான் எடுக்கக் குனிந்த சமயம், இருவரும் பின்வாசலால் வெளியேறினார்கள். கணவன் நேராக நிறுத்தத்துக்குப் போக, அவள் சைக்கிள் கடைக்குப் பின்பக்கம், தகரத் தடுப்புக்கு மறைவில் நின்றுகொண்டாள். கட்டிய கணவனின் அப்பாவை ஒளிந்து நின்று வேவு பார்ப்பது இவள்தான் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை.

நிறுத்தத்து இரும்புக் கம்பியைத் துணி சுற்றிய கையால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார் மாமனார். பக்கத்தில் அவருடைய பழைய கூட்டாளி, சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். இன்றும் எல்லோருக்கும் அவர் கார்டுதான்.

"பையன் மறுபடியும் வந்துட்டான் பாரு" என்றார் கார்டு. "உன் மருமக வீட்லதான் இருக்காளாம்."

"நீ கண்ணால பாத்தியாடா?" என்று மகனைக் கேட்டார் மாமனார்.

"பாத்தேம்ப்பா. கட்டில்ல உக்காந்திருக்கா."

"ஹோம்வொர்க் முடிச்சிட்டேன்னு தெனம் சொன்னவன்தான நீ."

"அப்பா, அது மூணாங்கிளாஸ்!"

"இந்த வழியா அவ வரல. நான் இங்கயேதான் நிக்கிறேன். வராம எப்படிடா வீட்டுக்குள்ள இருப்பா? பறந்து வந்தாளா?"

கார்டு சிரித்தார். "இவன்கிட்ட மாட்டிக்கிட்டு நான் பட்டதை நீயும் படுடா தம்பி. ரயிலோட கடைசிப் பெட்டிக்குப் பின்னால ஒரு விளக்கு மாட்டியிருப்போம். பகல்ல பலகை. கேபின்ல இருக்கிறவன் அதைக் கண்ணால பாத்தாதான் ரயில் முழுசா வந்துச்சுன்னு கணக்கு. அப்புறம்தான் பின் ஸ்டேஷனுக்கு மணியில ரெண்டு, கொஞ்சம் விட்டு ஒண்ணுன்னு தட்டுவான். நடுவுல கொக்கி அறுந்து பாதி ரயில் பாதையிலயே நின்னுபோயிருந்தாலும், முன்பாதி ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து சேரும். பின்னாடி வர்ற வண்டிக்கு வழி விட்டா, நேரா போய் மோதும். எல்லாருக்கும் தெரிஞ்ச விதிதான். ஆனா உங்கப்பன் மாதிரி எவனும் கழுத்தை நீட்டிக்கிட்டு நின்னதில்ல. ஒருநாள் நான் பலகை மாட்ட மறந்துட்டேன். ரயில் முழுசா இருக்கு, ஒரு பெட்டி குறையல. ஆனா இவன் வழி விடல! அந்தப் பக்கம் ரெண்டு வண்டி நிக்குது, ஜனங்க கத்துறாங்க, ஸ்டேஷன் மாஸ்டர் போன்ல திட்டுறாரு. 'கடைசிப்பெட்டியைப் பாக்கல சார்'ங்கிறான். வேற பேச்சே இல்ல. பெட்டி பெட்டியா எண்ணிப் பாத்து, ஒண்ணும் குறையலன்னு ஆனப்புறம்தான் விட்டான். எனக்கு மெமோ, இவனுக்குப் பட்டப்பேரு."

"உனக்குக் கெடைக்க வேண்டியதுதான் கெடைச்சுது" என்றார் மாமனார், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

"வேர்வை பட்டா லீவர் துருப்பிடிக்கும்னு கேபின்ல துணியால பிடிச்ச, சரி. பஸ் ஸ்டாப் கம்பி துருப்பிடிச்சா உனக்கென்னய்யா? விடு அதை."

மாமனார் விடவில்லை.

தகரத் தடுப்புக்குப் பின்னால் அவளுக்குக் காது நீண்டுகொண்டே போனது. பிரிட்ஜின் கைப்பிடி நினைவுக்கு வந்து, காதோரம் சூடானது. ஆனாலும் சந்தேகம் முழுசாக இறங்கவில்லை. அதற்குள் கார்டே அதைக் கேட்டுவிட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும். புதுசா வந்த பொண்ணு. தெனம் இப்படி வந்து நிக்கிறியே, வேவு பாக்குறேன்னு நெனைச்சுக்காதா?"

மாமனார் திரும்பி அவரைப் பார்த்தார். நிஜமாகவே அவருக்கு அது புது யோசனையாக இருந்திருக்க வேண்டும்.

"நான் எதுக்கு வேவு பாக்கணும்? ரயில்ல என்ன சரக்கு வருதுன்னு கேபின்காரன் கேப்பானா?"

"கேக்கமாட்டான்."

"எங்க போறா, யாரோட பேசறான்னு நான் பாக்கறதில்ல. வந்துட்டாளான்னு பாக்கறேன். வந்துட்டா, உள்ள சொல்றேன். இவன் அம்மா தட்டு வைக்கிறா. சாப்பிடறோம். இதுல என்ன இருக்கு?"

அவள் சந்துக்குள் ஓடினாள். அவள் வீட்டில் இருக்கிறாள் என்று அந்த மனுஷனிடம் யார் சொன்னாலும் எடுபடாது. வரவேண்டிய வழியாக வந்தால்தான் உண்டு. முட்செடியில் புடவை கிழிந்தது. முந்தின நிறுத்தத்தில் போய் நின்று, வந்த முதல் பஸ்ஸில் ஏறினாள். "எங்கம்மா?" என்றார் கண்டக்டர். அடுத்த நிறுத்தம் என்றதும் ஏற இறங்கப் பார்த்தார். "நடந்தே போயிருக்கலாமே." சில்லறையைக் கையில் திணித்துவிட்டுப் படியருகே நின்றாள். அந்தக் காசும் புடவைத் தலைப்பில் முடிந்துவைத்திருந்தது.

பஸ் நின்றது. கடைசி ஆளாக இறங்கினாள். மாமனார் முதலில் அவளைப் பார்த்தார், பிறகு பஸ்ஸின் பின்பக்கம் திருப்பத்தில் மறையும்வரை பார்த்தார். தோள் தளர்ந்தது.

"இன்னிக்கு லேட்டாம்மா?"

"ஆமா மாமா. கூட்டம்."

அவர் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டிருந்த தலை பாதியில் நின்றது.

"பை எங்கம்மா?"

"வீட்ல இருக்கு மாமா" என்றாள் அவள்.

வாயிலிருந்து சொல் கீழே விழுந்த பிறகுதான் கைநீட்டிப் பிடிக்கத் தோன்றியது. காலையில் கொண்டுபோன பை. கார்டு தன் செருப்பையே உற்றுப் பார்த்தார். கணவன் சைக்கிள் கடைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"அப்ப முன்னாடியே வந்துட்ட."

"ஆமா மாமா."

"பின்பக்கமா."

"ஆமா."

அவர் கம்பியைத் துடைத்தார், துணியைத் தோளில் போட்டார், நடந்தார். அந்த ஒரே ஒரு தடவைதான் அவர் எல்லோருக்கும் முன்னால் நடந்து அவள் பார்த்தது. வாசல் கதவு வரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இரும்பில் தட்டவும் இல்லை.

"என்ன இது, ஆளாளுக்கு ஒரு பக்கமா வர்றீங்க?" என்றாள் மாமியார்.

மறுநாள் மாலை பஸ்ஸிலிருந்து இறங்கினாள். டயர்களுக்கு நடுவே தோள் இல்லை. டீக்கடை பெஞ்சில் கார்டு மட்டும். "வரமாட்டேன்னுட்டாம்மா" என்றார், இவள் கேட்காமலே. அவள் கேட்டது இதைத்தானே? முதுகைச் சும்மா விடச் சொன்னாள், விட்டாயிற்று. ஆனால் இரண்டு தெருவும் நடக்க நடக்க, முதுகுப்பக்கம் கதவு திறந்து கிடக்கும் வீடு மாதிரி இருந்தது. வீட்டில் அவர் முன்னறை நாற்காலியில் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். அவள் உள்ளே வந்ததும் தாள் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. பார்க்கமாட்டேன் என்பதை அவ்வளவு கவனமாகச் செய்தார்.

சாப்பாட்டு நேரம்தான் குழம்பிப்போயிற்று. கதவில் தட்டுச் சத்தம் வராமல் மாமியாருக்கு எப்போது பரிமாறுவதென்று தெரியவில்லை. ஒருநாள் எல்லோரும் பசியோடு காத்திருந்தார்கள், ஒருநாள் மகன் வருவதற்குள் சோறு வைத்துவிட்டாள். மாமனார் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பசிக்கல" என்று எழுந்து போனார்.

"இந்த வீட்ல என்னதான் நடக்குது?" என்று மாமியார் கரண்டியை ஓங்கினாள்.

வாடகை வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் வந்தது. தோழி கவுன்டரிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, பேசி முடிச்சிடட்டுமா?" என்றாள். அவள் முன்னால் அன்றைக்கும் ஒரு வரிசை. அன்பான கணவர், பாசமான தந்தை. "சாயங்காலம் வரைக்கும் பொறு" என்றாள்.

அன்று மாலை வீட்டு வாசலுக்கு வந்ததும் உள்ளே நுழையவில்லை. கணவனின் செருப்பு வாசலில் கிடந்தது. எல்லோரும் உள்ளே. அவளுக்குப் பின்னால் வர யாரும் இல்லை. முட்டியை மடக்கி இரும்புக் கதவில் தட்டினாள். இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, ஒரு தட்டு.

யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. குற்றம் கண்டுபிடிப்பதற்காக அறைக்குள்ளிருந்து ஒட்டுக்கேட்டு ஒட்டுக்கேட்டே மனப்பாடமாகியிருந்தது.

முன்னறையில் செய்தித்தாள் இறங்கியது. மாமனார் அவளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னாலிருந்த காலித் தெருவைப் பார்த்தார், பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "சேந்தாச்சு" என்றார். உள்ளே தட்டுகள் சத்தமிட்டன.

"மாமா, பஸ் ஸ்டாப்புக்கு வர்றதா இருந்தா வாங்க" என்றாள். "டயர் கடையில நிக்காதீங்க. பெஞ்சுல உக்காருங்க, நான் பாக்கற மாதிரி."

"கார்டு டீக்காசை என் தலையில கட்டிடுவானேம்மா" என்றார் அவர். ஆனாலும் மறுநாள் வந்தார். மாடிப் போர்ஷனை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

பல வருஷம் கழித்து, கணவனுக்கு வேறு ஊருக்கு மாற்றலானபோதுதான் அவர்கள் அந்த வீட்டை விட்டுப் போனார்கள். சாமான் லாரி புறப்படும்போது அவர் அதன் பின்னால் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டார். டிரைவர் எதற்கென்று கேட்டார். "நீ போய்க்கிட்டே இருப்பா" என்றாள் மாமியார். "சொன்னா புரியாது."

புது ஊரிலும் அதே செய்தித்தாளின் கிளையில் அவளுக்கு இரங்கல் பிரிவுதான். அங்கிருந்து மாலையில் மாமனாருக்குப் போன் செய்வாள். கணவன் வந்து, பள்ளியிலிருந்து மகள் வந்து, கதவைத் தாழ்போட்ட பிறகு. அடுத்த ஸ்டேஷன்காரன் கண்ணால் பார்த்துச் சொன்னால், அந்தச் சொல்லைக் கேபின்காரன் ஏற்றுக்கொள்வானாம். இது கார்டு கொடுத்த தகவல். மகன் சொன்னால் செல்லாது, இவள் சொன்னால் செல்லும் என்று எப்படியோ ஏற்பட்டுவிட்டது. போனின் முதுகில் நகத்தால் தட்டுவாள். அந்தப் பக்கமிருந்து ஒரே ஒரு தட்டு பதிலாக வரும். சில நாட்களில் அவர்களுக்குள் பேச்சென்று நடந்தது அவ்வளவுதான்.

ஒரு பிற்பகலில், முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். துணி தோளில் இருந்தது.

இரங்கல் விளம்பரத்தில் நாலாவது வரியாக அவள் வேறு எழுதினாள். 'வீட்டில் எல்லோரும் வந்து சேரும்வரை சாப்பிடாதவர்.' பக்கம் பார்க்கும் பெரியவர் போனில் கூப்பிட்டார். "இது நாம வழக்கமா போடற வரி இல்லையேம்மா?" இருக்கட்டும் சார், என்றாள். பக்கம் மூட நேரமாகியிருந்ததால் அவர் வாதாடவில்லை.

எல்லாம் முடிந்து ஊர் திரும்பிய அன்று மாலை, மகள் வந்தாள், கணவன் வந்தான், கதவைத் தாழ்போட்டாள். கை தன்போக்கில் போனை எடுத்து அந்த எண்ணை அழுத்திவிட்டது. வைத்துவிடலாம் என்று நினைப்பதற்குள் மாமியார் எடுத்தாள்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு அத்தை. முழுசா."

"எனக்கு அந்தத் தட்டெல்லாம் வராது. வாயாலயே சொல்லிடறேன். சரி."

ஆனால் போனை வைக்கவில்லை.

"ஒண்ணு சொல்லணும் உன்கிட்ட. அவரு இருக்கிற வரைக்கும் சொல்லாதேன்னாரு. மொதமொதல்ல அவரை பஸ் ஸ்டாப்புக்கு அனுப்பினது நான்தான். யாரோட வர்ற, எப்ப வர்றன்னு பாத்துட்டு வரச் சொல்லி. போனாரு. வந்து, 'வந்துட்டா'ன்னாரு. யாரோடன்னா, 'அதை நான் பாக்கல'ன்னாரு. தெனமும் இதே பதில். தூ, உங்களப் போய் அனுப்பினேன் பாருன்னு, போதும் போகாதீங்கன்னுட்டேன். அதுக்கப்புறம் அவரா போக ஆரம்பிச்சிட்டாரு."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். இத்தனை வருஷம் கழித்து ஒரு சந்தேகத்துக்குத் தீர்ப்பு வந்திருக்கிறது, பாதி அவள் பக்கமாக.

"எனக்குத் தெரியும் அத்தை."

"யார் சொன்னா? கார்டா? அந்த மனுஷனுக்கு வாயில ஓட்டை."

"யாரும் சொல்லல. ஒரு சந்தேகம்தான்."

"நீ மட்டும் லேசுப்பட்டவளா? பின்வாசல் வழியா வந்து கட்டில்ல உக்காந்தவதான. அன்னிக்கு உன் செருப்பைப் பாத்தேன். வந்துட்டு மறுபடி ஓடினதையும் பாத்தேன்."

"பாத்துட்டு சும்மாவா இருந்தீங்க?"

"நீங்க மாமனாரும் மருமகளும் அடிக்கிற கூத்துல நான் எங்க நடுவுல வர்றது? சோறுதான் ஆறிப்போச்சு."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்தது. அவள் நகத்தால் போனின் முதுகில் தட்டினாள். இரண்டு, ஓர் இடைவெளி, ஒன்று.

பிறகு அந்தப் பக்கம் கரண்டியால் எதன்மேலோ அடிக்கும் சத்தம் வந்தது. வேண்டியதற்கு மேலேயே அடித்தாள் மாமியார். கேபினில் அப்படித் தட்டினால் என்ன அர்த்தமோ, எந்த ரயில் எங்கே நின்றிருக்குமோ. அவள் எண்ணாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.